மாமா விட்டுப்போன 143 எல்பி: எது ஒரிஜினல், கொடுத்துவிடலாமா?

கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த உங்கள் மாமா 143 எல்பி ரெகார்டுகளை விட்டுப்போயிருக்கிறார். பெரும்பாலும் 1967-க்கும் 1979-க்கும் இடைப்பட்ட ராக் இசை. பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்டு, லெட் செப்பெலின், ரோலிங் ஸ்டோன்ஸ், டீப் பர்ப்பிள், பிளாக் சபாத் என்று பட்டியலும் பத்துப் பன்னிரண்டு படங்களும் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்த ஒருவர் மொத்தமாக 40,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். "இதில் எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்? கொடுத்துவிடலாமா?" என்கிறீர்கள். சென்னையில் 31 வருஷமாக ரெகார்டு பிளேயர் பழுதுபார்க்கிறேன். அதே அளவு காலமாக இந்த வகை எல்பிகளைச் சேர்த்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று பிரித்தால் உங்களுக்கு விடை கிடைக்காது. ஒரு ஆல்பத்தை அசல் கம்பெனியே பல நாடுகளில் பல வருஷம் அச்சடித்திருக்கும். அத்தனையும் ஒரிஜினல்தான். ஆனால் முதல் மாதத்தில் அடித்த தட்டும் ஏழு வருஷம் கழித்து அடித்த தட்டும் ஒலியில் வேறு, விலையில் வெகு வேறு. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: இந்தத் தட்டு எந்த நாட்டில், எந்தக் கட்டத்தில், எந்த அச்சிலிருந்து வந்தது? இப்போது என்ன நிலையில் இருக்கிறது? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உறுதியான விடை உண்டு. அந்த விடை தட்டிலேயே எழுதியிருக்கிறது.

ஒரு எல்பியை இரண்டு உள்ளங்கைகளாலும் விளிம்பில் மட்டும் பிடித்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் முடியளவு மெல்லிய கீறலாக எழுத்தும் எண்ணும் தெரியும். இதை மேட்ரிக்ஸ் எண் என்போம். தட்டு பிறக்கும் வழி தெரிந்தால் இதன் அருமை புரியும். ஸ்டூடியோ டேப்பிலிருந்து முதலில் லாக்கர் என்ற மென்மையான பூச்சுத் தட்டில் பள்ளம் வெட்டுவார்கள். அதன்மேல் உலோகம் பூசி உரித்தால் மாஸ்டர். மாஸ்டரிலிருந்து மதர். மதரிலிருந்து ஸ்டாம்பர். அந்த ஸ்டாம்பர்தான் சூடான வினைலை அழுத்தி உங்கள் கையில் இருக்கும் தட்டாக்குகிறது. ஒரு ஸ்டாம்பர் சுமார் ஆயிரம் தட்டுகளில் தேய்ந்துவிடும், பிறகு அடுத்தது. லேபிளும் அட்டையும் மாறிப்போகலாம். வளையத்தில் இருப்பது மாறாது.

இங்கிலாந்தின் ஈஎம்ஐ என்ற ரெகார்டு கம்பெனியின் ஆலைத் தட்டு என்றால் இன்னும் ஒரு வசதி. பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்டு, டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' எல்லாம் அங்கே அடித்தவை. மேட்ரிக்ஸ் எண் உங்களுக்கு நேராக, கீழே வரும்படி தட்டைப் பிடியுங்கள். இடப்பக்கம் ஒரு எண் இருக்கும், அது எத்தனையாவது மதர் என்பது. வலப்பக்கம் ஒன்றோ இரண்டோ மூன்றோ ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை ஸ்டாம்பரின் எண், மறைமொழியில். 'கிராமஃபோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஏழு எழுத்துகள் 1 முதல் 7 வரை. 'லிமிடெட்' என்பதைச் சுருக்கி எழுதும் மூன்று எழுத்துகள் முறையே 8, 9, 0. ஜி மட்டும் இருந்தால் முதல் ஸ்டாம்பர். ஜி-யும் எம்-மும் சேர்ந்திருந்தால் பதினான்காவது. ஒரு தட்டு வரிசையில் எவ்வளவு முன்னால் நின்றது என்பதை ஐம்பது வருஷம் கழித்து நம் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து படிக்க முடிகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இனி உங்கள் படங்களுக்கு வருகிறேன். 1973-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' லேபிளில் முக்கோணம் முழுக்க நீல நிறம் நிரப்பியபடி தெரிகிறது. ஈஎம்ஐயின் ஹார்வெஸ்ட் என்ற பிராண்டின் லேபிள், எண் எஸ்எச்விஎல் 804. பின்னால் வந்த அச்சுகளில் முக்கோணம் வெறும் கோடாகத்தான் இருக்கும். நிறைந்த முக்கோணம் என்றால் இங்கிலாந்தின் ஆரம்ப அச்சு, இதில் சந்தேகமில்லை. வளையத்தில் ஏ-2, பி-2 என்று இருந்தால் இன்னும் முந்தியது. அந்த அட்டைக்குள் இரண்டு போஸ்டரும் இரண்டு ஸ்டிக்கரும் இருந்திருக்க வேண்டும். அட்டையின் இரண்டு பைகளிலும் விரல்விட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரை அந்தக் காலத்துப் பையன்கள் சூட்கேசில் ஒட்டிவிடுவார்கள், அது இல்லாமல் போயிருக்கலாம்.

1967-இன் 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டில் எண் பிஎம்சி 7027 என்று படிக்க முடிகிறது. பிசிஎஸ் என்றால் ஸ்டீரியோ, பிஎம்சி என்றால் மோனோ. மோனோ என்றதும் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆல்பத்தில் பீட்டில்ஸ் நால்வரும் கூட உட்கார்ந்து நேரம் செலவழித்தது மோனோ கலவைக்குத்தான், அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்து அமைக்கும் வேலைக்கு. ஸ்டீரியோ கலவை அவர்கள் இல்லாமல் பிறகு செய்தது. சில இடங்களில் வேகமே வேறு, சில இடங்களில் சத்தங்களே வேறு. உங்கள் மாமா எதை எண்ணி வாங்கினாரோ, கையில் கிடைத்திருப்பது நல்ல பொருள். சிவப்பு அலைபோல் வண்ணம் தீட்டிய உள்ளுறையும், மீசை, பதக்கம் எல்லாம் வெட்டியெடுக்கும்படி அச்சடித்த அட்டையும் கூட இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, 1969-இன் 'லெட் செப்பெலின் 2'. பச்சையும் சிவப்புமான அமெரிக்க அட்லாண்டிக் லேபிள், கீழே 1841 பிராட்வே முகவரி. இது எழுபதுகளின் நடுவில் மறைந்துபோன முகவரி. இந்தத் தட்டின் வளையத்தை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஆர்எல் என்ற இரண்டெழுத்து கையால் கீறியிருந்தால் அது நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டூடியோவில் பாப் லுட்விக் என்ற ஒலிப் பொறியாளர் வெட்டிய லாக்கரிலிருந்து வந்தது. அவர் பாஸ் எனும் தாழ்ந்த ஒலியை அடக்காமல் அப்படியே வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளிக் குதித்ததால், கம்பெனி அதை நிறுத்திவிட்டு ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டியது. அதனால் அந்த முதல் வெட்டைத் தேடி அலைபவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு முறை நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன். முதல் பாட்டில் டிரம்ஸ் வந்து சேர்ந்தபோது அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அந்த எழுத்து இல்லாவிட்டால் அது நல்ல பழைய அமெரிக்கத் தட்டு, அவ்வளவுதான். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வெர்டிகோ கம்பெனியில் வந்தது. ஆரம்ப இங்கிலாந்துத் தட்டில் ஒரு பக்க லேபிள் முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழி, தட்டு சுற்றும்போது கண் உள்ளே போவதுபோல இருக்கும். உங்கள் படத்தில் லேபிள் தெரியவில்லை. சுழி இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

பட்டியலில் முப்பதுக்கு மேல் 'மேட் இன் இந்தியா' என்று குறித்திருக்கிறீர்கள், கொஞ்சம் வருத்தத்தோடு எழுதினதுபோல் பட்டது. வருத்தம் வேண்டாம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம்மில் கிராமஃபோன் கம்பெனி 1928-இல் அமைத்த ஆலை பல பத்தாண்டுகள் இந்தத் தட்டுகளை அடித்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டை மற்ற நாடுகள் விட்டுவிட்ட பிறகும், அறுபதுகளின் நடுப்பகுதிவரை பீட்டில்ஸ் பாட்டுகளை 78-இல் அச்சடித்தது இந்தியா. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி வருகிறார்கள். இந்திய எல்பிகளின் ஒலி மட்டம் என்ற பேச்சு இருக்கிறது. பலவற்றில் வினைல் இரைச்சல் கூடுதல் என்பது என் அனுபவமும்கூட. அட்டையிலும் சிக்கனம் செய்திருப்பார்கள், விரித்துத் திறக்கும் அட்டை ஒற்றை அட்டையாகியிருக்கும். ஆனால் என்னிடம் இருக்கும் சில இந்தியத் தட்டுகள், இங்கிலாந்துத் தட்டோடு மாற்றி மாற்றிப் போட்டால் நான் தடுமாறும் அளவுக்கு அமைதியாக ஒலிக்கின்றன. ஆகவே இதை ஒவ்வொரு தட்டாகக் காதால்தான் தீர்க்க வேண்டும். மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள்.

டூப்ளிகேட் என்று நீங்கள் பயந்ததும் இல்லாமலில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தைவானில் உரிமை வாங்காமல் ராக் எல்பிகளை அச்சடித்துத் தள்ளினார்கள். துறைமுகத்தில் இறங்குகிற கப்பல்காரர்களும் அமெரிக்கச் சிப்பாய்களும் வாங்கினார்கள். மாமா அந்தப் பக்கம் போயிருந்தால் சில இருக்கும். மெல்லிய காகிதத்தில் அச்சடித்துப் பளபளப்புத் தாள் ஒட்டிய அட்டை, தட்டு ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறம், லேபிளில் சீன எழுத்து. ஒலி சுமார்தான். ஆனால் அதையே சேர்ப்பவர்களும் உண்டு. தனிக் கட்டாக வையுங்கள்.

இதுவரை சொன்னது அடையாளம். அடுத்து நிலை. என் கருத்தில் இதுதான் பெரிய விஷயம், ஆனால் படத்தை வைத்து இதில் நான் அதிகம் சொல்ல முடியாது. 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். அத்தனை நீளத்திலும் ஊசி உரசிப் போயிருக்கிறது. வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே பாட்டு அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி அடைபட்டிருக்கும். கனமான, தேய்ந்த ஊசியால் பல வருஷம் கேட்ட தட்டு முதலில் கெட்டுப்போவது அந்தக் கடைசிப் பாட்டில்தான். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும். போட்டால் பாடகரின் 'ஸ' ஓசை எல்லாம் மணலை அரைப்பதுபோல் வரும். அதனால் எந்த எல்பியையும் சோதிக்கும்போது நான் முதல் பாட்டைப் போடுவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் கடைசி ஒரு நிமிடம். வெளிக் கீறல்கள் பயமுறுத்தும், ஆனால் நகத்தை மெல்ல வைத்தால் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் காதிலும் கேட்காது.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1971-இல் வந்த அந்த அட்டையில் நிஜ ஜிப் வைத்துத் தைத்திருக்கும். அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் தலை அடுத்த தட்டில் அழுந்திப் பள்ளத்தையே கெடுத்தது. பிறகு ஜிப்பைப் பாதிவரை இறக்கிவிட்டு அனுப்பத் தொடங்கினார்கள், அழுத்தம் லேபிள் மேல் விழட்டும் என்று. உங்கள் அலமாரியில் அதற்குப் பக்கத்தில் நின்ற தட்டையும் எடுத்துப் பாருங்கள். இனிமேல் நடுவில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி வையுங்கள்.

மாமாவின் பழைய பிளேயரில் இப்போதைக்கு எதையும் போட்டுக் கேட்க வேண்டாம். ஊசியைத் தாங்கும் பகுதியைக் கார்ட்ரிட்ஜ் என்போம். அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்து கிராமுக்கு மேலும் அழுத்தும். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் போதும். வைர ஊசிக்கே ஆயுள் 500 முதல் 1,000 மணி நேரம். அந்தப் பிளேயரில் இருப்பது எப்போது மாற்றியது என்று யாருக்குத் தெரியும்? சூட்கேஸ் போல மடக்கும் மலிவுப் பிளேயரையும் இதற்கென்று வாங்காதீர்கள். ஆர்எல் எழுத்துள்ள தட்டை அதில் ஓட்டினால் எனக்கு மனசு தாங்காது.

படங்களில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவது பூஞ்சை. கடலோர ஊர் ஈரத்தில் இது சகஜம், பெரும்பாலும் கழுவினால் போய்விடும். டிஸ்டில்டு வாட்டர் ஐந்து பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் வாசனையற்ற திரவம் ஒரே ஒரு சொட்டு. மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் திசையில் வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடைக்க வேண்டும். லேபிளில் நீர் படக்கூடாது. ஆல்கஹால் வினைலுக்கு நல்லதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, ஆவணக்காப்பாளர்கள் பலர் தவிர்க்கிறார்கள். 31 வருஷத்தில் இந்த அளவுக் கலவையால் எனக்கு ஒரு எல்பியும் கெட்டதில்லை. ஆனால் 78 தட்டு ஏதாவது அகப்பட்டால் அதன்மேல் ஆல்கஹால் வாடையே படக்கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். இருபது வயதில் தெரியாமல் ஸ்பிரிட் போட்டு ஒரு 78-ஐத் துடைத்தேன். துணியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது பாட்டு. அந்தத் தட்டு வேறு எங்கும் எனக்கு மறுபடி கிடைக்கவில்லை.

கழுவியதை மொட்டை மாடியில் காயவைக்காதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மதிய வெயிலில் கொஞ்ச நேரத்தில் அப்பளம் போல நெளிந்துவிடும். நிழலில், பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிற்க வைத்தால் போதும். அடுக்கும்போது படுக்கப் போடாமல் செங்குத்தாக, நெருக்காமல் வையுங்கள். 143 எல்பி அட்டையோடு சேர்ந்து சுமார் 35 கிலோ வரும், பிளைவுட் பலகை வளையும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். கரையானும் ராமபாணப் பூச்சியும் தட்டைத் தொடாது, அட்டையைத் தின்றுவிடும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த வகை பிவிசி உறை வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் தட்டில் புகைபோல ஒரு படலம் ஏறும், அதைக் கழுவியும் போக்க முடியாது.

விலைக்கு வருவோம். 40,000 ரூபாயை 143-ஆல் வகுத்தால் தட்டுக்கு 280 ரூபாய். பிங்க் ஃபிளாய்டு, பீட்டில்ஸ், லெட் செப்பெலின் தட்டுகள் மூன்றும் நான் நினைக்கிறபடி இருந்து, கடைசிப் பாட்டும் சுத்தமாக ஒலித்தால், அந்த விலை நியாயமில்லை என்று உறுதியாகச் சொல்வேன். மொத்தம் எவ்வளவு போகும் என்று எண்ணைச் சொல்ல மாட்டேன். தட்டைக் கேட்காமல் எண் சொல்பவரை நீங்களும் நம்பாதீர்கள். ரெகார்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் உங்கள் மேட்ரிக்ஸ் எண்ணுக்குச் சரியாகப் பொருந்தும் பதிவைத் தேடி, கேட்கிற விலையை விட்டுவிட்டு, விற்ற விலையைப் பாருங்கள். அங்கே புழங்கும் தரப் பெயர்களில் 'வெரி குட்' என்பது இரைச்சலோடு ஓடும் தட்டு, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வந்தவர் கெட்டவர் என்றும் நான் சொல்லவில்லை. அவரும் நூறு தட்டில் எண்பதை விற்க முடியாமல் வைத்திருப்பவராக இருக்கலாம். பட்டியல் போடாமல் விற்கிறவர் இழக்கும் இடம் அந்த மற்ற இருபதில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. ஒரு படத்தில் உள்ளுறையின் மூலையில் பென்சிலால் 'ராட்டர்டாம், 11-4-73' என்று எழுதியிருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தையில் இப்படி எழுத்து இருந்தால் குறை, விலை இறங்கும். யாராவது அழிரப்பரால் அழிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் வாங்கினார் என்று 143 தட்டிலும் எழுதியிருந்தால் அது அவர் பத்து வருஷக் கடல் பயணத்தின் டைரி. அத்தையோ அம்மாவோ இருந்தால் அவர்களிடம் காட்டி, ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்பத்தின் தீர்மானம், அதில் நான் தலையிட மாட்டேன். முன்பணம் எதுவும் வாங்கியிருந்தால் மட்டும் இப்போதே திருப்பிக் கொடுத்து ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள்.

அடுத்த படங்களை அனுப்பும்போது ஃபிளாஷ் வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடிக்க, இன்னொருவர் நேர் மேலிருந்து எடுங்கள். முதலில் 'லெட் செப்பெலின் 2', இரண்டு பக்கமும். பிறகு பிங்க் ஃபிளாய்டு, அதில் லேபிளுக்கு வலப்பக்க எழுத்து விடுபடாமல்.